வசூலான பணத்தை யாரிடம் கொடுப்பது? டி.இ.சி.யும் மற்ற வழிகளும்

எங்காவது நிலம் நடுங்கினாலோ கடல் பொங்கினாலோ, பிரிட்டனில் இருக்கும் தமிழ்ச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அன்று மாலைக்குள் "நாம என்ன செய்யப் போறோம்?" என்ற கேள்வி வந்துவிடும். வசூல் செய்வது நம் ஆட்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. கோயில் வாசலில் ஒரு வாளி, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு வாளி, மண்டபத்தில் ஒரு நிதி திரட்டும் சாப்பாடு என்று பணம் சேர்ந்துவிடும். சண்டை அதற்கு அப்புறம்தான் தொடங்கும். பெரிய பேரிடர்களுக்காக டி.வி.யில் நிதி கேட்கும் டி.இ.சி.க்கே (பேரிடர் அவசரக் குழு) கொடுத்துவிடலாம் என்பார் ஒருவர். "அதெல்லாம் அவங்க ஆபீஸ் செலவுக்கே போயிடும், நேரா ஊருக்கு அனுப்புங்க" என்பார் இன்னொருவர். செஞ்சிலுவை என்று ஒரு குரல் வரும், எல்லையற்ற மருத்துவர்கள் (எம்.எஸ்.எஃப்.) என்று ஒரு குரல் வரும். கடைசியில் பணத்தை நாலாகப் பிரித்து நாலு இடத்துக்கும் கொடுத்து, எல்லாரையும் சமாதானப்படுத்திவிட்டுக் கூட்டம் கலையும்.

பிரித்துக் கொடுப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த வழிகள் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் பேரிடருக்குப் பொருத்தமானது ஒன்று, யாரும் திரும்பிப் பார்க்காத பேரிடருக்குப் பொருத்தமானது வேறொன்று. அதைப் புரிந்துகொள்ள, டி.இ.சி. எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

டி.இ.சி.: வாங்குவது ஒரு கை, செலவழிப்பது பதினைந்து கை

டி.இ.சி. என்கிற பேரிடர் அவசரக் குழு 1963ல் தொடங்கப்பட்டது. பேரிடர் நடந்த இடத்துக்கு அது நேரே போவதில்லை. கூடாரம் போடுவதும் தண்ணீர் லாரி விடுவதும் அதன் வேலை இல்லை. ஆக்ஸ்ஃபாம், பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம், சேவ் தி சில்ட்ரன், கிறிஸ்டியன் எய்ட், இஸ்லாமிக் ரிலீஃப், கேர், வேர்ல்ட் விஷன் போன்ற 15 பெரிய அமைப்புகள் அதன் உறுப்பினர்கள். சாதாரண நாட்களில் இவை ஒரே கொடையாளரின் சட்டைப்பைக்குப் போட்டி போடுபவை. பெரிய பேரிடர் வந்தால் போட்டியை நிறுத்திவிட்டு ஒரே பெயரில் கேட்பது என்பதுதான் அவர்களுக்குள் உள்ள ஏற்பாடு. பதினைந்து பேர் தனித்தனியாகக் கொடுக்க வேண்டிய விளம்பரச் செலவு இதில் மிச்சம்.

பிபிசி, ஐடிவி, சேனல் 4 போன்ற தொலைக்காட்சிகள் அந்த வேண்டுகோளைக் காசு வாங்காமல் ஒளிபரப்புகின்றன. ஒரு பிரபலம் முன்னால் வந்து சில நிமிடம் பேசுவார், கீழே தொலைபேசி எண் ஓடும். வங்கிகளும் அஞ்சலகங்களும் பணம் வாங்க வழி செய்கின்றன. முதல் இரண்டு வாரம்தான் வேகமான வசூல். 2004 டிசம்பர் கடைசியில் சுனாமிக்காகக் கேட்டபோது இணையத்தில் மட்டும் ஒரே நாளில் 1 கோடி பவுண்டுக்கு மேல் வந்தது, முடிவில் மொத்தம் 39.2 கோடி பவுண்டு. 2022ல் உக்ரைனுக்கு 40 கோடியைத் தாண்டியது. இந்த அளவுக்கு வசூலிக்க வேறு எந்த வழியாலும் முடியாது, நம் வாளிகளை விடுங்கள்.

ஆனால் எல்லாப் பேரிடருக்கும் டி.இ.சி. கை ஏந்துவதில்லை. மூன்று கேள்விகள் கேட்பார்கள். பாதிப்பு மிகப் பெரிதா, உடனே உதவி தேவையா? உறுப்பு அமைப்புகளால் அங்கே போய் வேலை செய்ய முடியுமா? பிரிட்டன் மக்கள் இதற்குக் கொடுப்பார்களா? இந்த மூன்றாவது கேள்வியைப் படிக்கும்போது கொஞ்சம் உறுத்தும். ஆனால் அதை ஒளிக்காமல் வெளியே வைத்திருக்கிறார்களே, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்கு 10.7 கோடி பவுண்டு சேர்ந்தது. அதே ஆண்டு பாகிஸ்தான் வெள்ளத்துக்கு 7.1 கோடி. பாகிஸ்தானில் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 2 கோடிப் பேர், ஹெய்ட்டியில் சுமார் 30 லட்சம். ஆனால் ஹெய்ட்டியில் இறந்தவர்கள் பல மடங்கு அதிகம். ஒரே நொடியில் பல உயிர் போனால் பணம் உடனே வருகிறது. தண்ணீர் மெதுவாக ஏறி வயலையும் வீட்டையும் தின்றால் அவ்வளவு வருவதில்லை.

சரி, சேர்ந்த பணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள்? குரல் உயர்த்துபவருக்கு அதிகம் என்பதெல்லாம் கிடையாது. ஒவ்வொரு உறுப்பு அமைப்பும் முந்தைய சில ஆண்டுகளில் நிவாரணப் பணிகளுக்கு எவ்வளவு செலவழித்தது என்பதை வைத்து அதன் திறனைக் கணக்கிட்டு, அந்த விகிதத்தில் பங்கு தருகிறார்கள். எவ்வளவு பெரிய அமைப்பானாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. குறிப்பிட்ட நாட்டில் ஆளே இல்லாத அமைப்பு அந்த முறை பங்கு கேட்காமல் ஒதுங்கிக்கொள்ளும். முதல் ஆறு மாதம் உயிர் காக்கும் வேலை: தண்ணீர், சாப்பாடு, தார்ப்பாய், மருந்து. அதற்குப் பிறகு வீடு, தொழில், பள்ளி என்று இரண்டாம் கட்டம். சுனாமிப் பணம் மூன்று ஆண்டுகள் வரை செலவானது.

நான் டி.இ.சி.யை மதிப்பது இந்த இரண்டாம் கட்டத்துக்காகத்தான். முதல் மாதம் எல்லோரிடமும் பணம் இருக்கும். பதினெட்டாவது மாதம், கூரை போடாத வீட்டின் முன் நிற்கும் குடும்பத்துக்குக் கொடுக்க யாரிடம் இருக்கும்?

குறைகளும் உண்டு. உங்கள் 20 பவுண்டு எந்த நாட்டில், எந்த அமைப்பின் கையில் போகும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. 2011ல் ஹெய்ட்டியில் ஆக்ஸ்ஃபாம் ஊழியர்கள் சிலர் நடந்துகொண்ட விதம் 2018ல் வெளிவந்து நாடே கொதித்தபோது, "அவர்களுக்கு மட்டும் வேண்டாம்" என்று சொல்ல டி.இ.சி. கொடையாளருக்கு வழி இருக்கவில்லை. பொது உண்டியல் என்றால் அப்படித்தான்.

அரசியலும் குறுக்கே வரும். 2009 ஜனவரியில் காஸாவுக்கான வேண்டுகோளை ஒளிபரப்ப பிபிசி மறுத்தது. நடுநிலை கெட்டுவிடும் என்றார்கள். ஸ்கையும் மறுத்தது. முன்னாள் தொழிற்கட்சி அமைச்சர் டோனி பென் பிபிசி நேரலைக்கே போய், தடுக்கத் தடுக்க, பணம் அனுப்ப வேண்டிய முகவரியைப் படித்துவிட்டு வந்தார். காஸாவுக்காகச் சண்டை போட்டாவது ஒரு வேண்டுகோள் இருந்தது. அதே மாதங்களில் வட இலங்கையின் வன்னியில் நடந்துகொண்டிருந்த போருக்கு டி.இ.சி. வேண்டுகோள் எதுவும் வரவில்லை. 2008 செப்டம்பரிலேயே இலங்கை அரசு ஐ.நா.வையும் வெளிநாட்டு உதவி அமைப்புகளையும் வன்னியை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டது. அந்த இரண்டாவது கேள்வி இருக்கிறதே, "அங்கே போக முடியுமா", அதற்கு அப்போது பதிலே இல்லை. அந்தப் போரை நிறுத்தச் சொல்லி வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம் முன்னால் நின்ற நம்மவர்களுக்கு இது ஆறுதல் இல்லை என்று தெரியும். ஆனால் எந்த வழியை எதற்கு நம்பலாம் என்று முடிவு செய்யும்போது இதை மறக்கக் கூடாது.

ஒரே அமைப்புக்கு நேரடியாக

அப்போது வன்னிக்குள் தொடர்ந்து வேலை செய்ய முடிந்தது சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவுக்கு. புதுமாத்தளன் கரையிலிருந்து காயம்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது அவர்கள்தான். போர் நடக்கும் இடமென்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது செஞ்சிலுவை இயக்கம்தான். இரு தரப்பிடமும் பேசி உள்ளே போவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அவர்கள்.

மற்றபடி, ஒரு அமைப்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் இருக்க வேண்டும். அந்த மாவட்டத்தில் அது பத்து ஆண்டாக வேலை செய்கிறது, உங்களுக்கு அது தெரியும் என்றால் சரி. ஜகாத் (முஸ்லிம்களின் கட்டாய தர்மம்) பணத்தை முறைப்படி செலவழிக்க வேண்டும் என்றால் இஸ்லாமிக் ரிலீஃப் போன்ற ஒன்று சரி. "பெயர் கேள்விப்பட்ட மாதிரி இருக்கு" என்பது மட்டும் காரணமென்றால், டி.இ.சி.க்கே கொடுத்துவிடலாம். அந்த அமைப்பும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.

டி.இ.சி.க்கு வெளியே நிற்பவர்களில் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2005 ஜனவரி முதல் வாரத்தில், உலகமே சுனாமிக்குக் கொட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "எங்களால் செலவழிக்க முடிந்த அளவுக்கு வந்துவிட்டது, சுனாமிக்கென்று இனி தர வேண்டாம்" என்று அவர்கள் அறிவித்தார்கள். ஏற்கெனவே கொடுத்தவர்களிடம், மிச்சத்தை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டார்கள். மற்ற அமைப்புகளுக்கு அப்போது கோபம் வந்தது, கொடையாளர்களின் மனதை மாற்றிவிடுவார்களே என்று. எனக்கு அன்றிலிருந்து அவர்கள் மேல் மரியாதைதான் கூடியது. மருத்துவ உதவிக்கு, அதுவும் எங்கே தேவையோ அங்கே செலவழியுங்கள் என்று குறிப்பிடாமல் கொடுக்க, அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் வீடு கட்டுவதற்கும் வலை வாங்குவதற்கும் அவர்களிடம் போகக் கூடாது. அது அவர்கள் வேலையில்லை.

நாமே ஊருக்கு அனுப்பினால்

சங்கக் கூட்டங்களில் அதிகம் கைதட்டு வாங்குவது இந்த வழிதான். இதற்கு ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது டி.இ.சி. வேண்டுகோள் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னைகளை வேரோடு சாய்த்தபோதும் இல்லை. பிரிட்டன் தொலைக்காட்சிக்கு அது ஒரு நிமிடச் செய்தி. நம் ஆட்களின் பேரிடர்களில் பெரும்பாலானவை இந்த அளவில்தான் இருக்கின்றன: ஊருக்கு மிகப் பெரிது, உலகத்துக்கு மிகச் சிறிது. அங்கே நாம் அனுப்பும் 3,000 பவுண்டுக்கு இருக்கும் கனம், சுனாமி நிதியில் சேரும் 3,000 பவுண்டுக்கு இல்லை.

சுனாமிக்குப் பிறகு பல உதவி அமைப்புகள் சேர்ந்து நடத்திய மதிப்பீடு 2006ல் வெளிவந்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 7,100 டாலருக்கு மேல் நிதி வந்ததாக அதில் இருக்கிறது. அதே 2004ல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்கு வந்தது தலைக்கு 3 டாலர். இந்த இரண்டு எண்களையும் நம் சங்கங்களின் அலுவலகச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

ஆனால் "நேரா ஊருக்கு" என்பதில் உள்ள சிக்கல்களை யாரும் மேடையில் பேசுவதில்லை. முதலாவது, பொருளாக அனுப்புவது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் யாரும் தொடாத பழைய துணி குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னொரு முறை போர்வை மூட்டை கட்ட மாட்டார்கள். படகு விஷயமும் அப்படித்தான். படகு கொடுத்தால் படம் நன்றாக வரும், பெயர் எழுதலாம் என்று ஆளாளுக்கு ஃபைபர் படகு கொடுத்தார்கள். பல கரைகளில் இழந்ததைவிட அதிகப் படகு வந்து சேர்ந்தது. சில கடலுக்கே லாயக்கில்லாதவை. மீன் விற்கும் பெண்களுக்கும் கருவாடு போடுபவர்களுக்கும் உப்பளத் தொழிலாளிகளுக்கும் அந்த அளவுக்குக் கவனிப்பு இல்லை.

இரண்டாவது, யார் கையில் கொடுக்கிறோம் என்பது. நாகை மாவட்ட மீனவ கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து நிவாரணத்தை வாங்கித் தன் தலைக்கட்டுகளுக்குச் சமமாகப் பிரித்தது. அந்த ஒழுங்கை வெளியிலிருந்து வந்த பலர் வியந்து எழுதினார்கள். ஆனால் அந்தத் தலைக்கட்டுப் பட்டியலில் பக்கத்தில் இருந்த தலித் குடியிருப்பு இல்லை. அவர்கள் விடுபட்டதைப் பல ஆய்வுகள் அப்போதே பதிவு செய்தன. "ஊரில் நமக்குத் தெரிந்தவர்" என்பவரும் ஏதோ ஒரு தெருவைச் சேர்ந்தவர்தான். பட்டியல் எந்தத் தெருவில் முடிகிறது என்று கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது.

மூன்றாவது, சட்டம். இந்தியாவில் ஒரு தொண்டு நிறுவனம் வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு அல்லது அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. "பெரிய அமைப்புக்கு அனுப்பி, அவங்க மூலமா நம்ம ஊர் இளைஞர் மன்றத்துக்குக் கொடுப்போம்" என்ற பழைய ஏற்பாடு அதோடு போயிற்று. இன்னொரு நுணுக்கம்: இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்துவிட்டு ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவர் அனுப்பினால் ஆகும். சங்கம் அனுப்பினால் கேட்கவே வேண்டாம். ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கு இரண்டு விதி.

யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் உள்ளவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பலம் உண்டு. பழைய மாணவர் சங்கங்கள். லண்டனில் ஒரு கிளை, பள்ளிக்கூடத்தில் தாய்ச் சங்கம், நடுவில் பல வருடப் பழக்கம், இரு பக்கமும் கணக்கு. பள்ளி அதிபரையும் தெரியும், கணக்குப் பிள்ளையையும் தெரியும். திடீரென்று முளைக்கும் நிவாரணக் குழுவைவிட இந்த அமைப்பு நூறு மடங்கு மேல். என்ன, அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வீடுகளைத் தாண்டி அதன் கண் போகாது.

வாளியில் போடுவதா, சுட்டியை அனுப்புவதா

ஒரு சின்னக் கணக்கு. சங்கம் வாளியில் 4,000 பவுண்டு திரட்டி, சங்கத்தின் பெயரில் ஒரே காசோலையாக டி.இ.சி.க்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டி.இ.சி.க்குப் போய்ச் சேருவது 4,000. அதே ஆட்கள், வருமான வரி கட்டுபவர்கள், தனித்தனியாக இணையத்தில் கொடுத்து கிஃப்ட் எய்ட் கட்டத்தில் ஒரு டிக் போட்டிருந்தால் அரசு ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் சேர்த்து, அது 5,000 ஆகியிருக்கும். பிறரிடம் வாங்கிய பணத்தை நம் பணம் போலக் கொடுத்து கிஃப்ட் எய்ட் கேட்க முடியாது, அதனால்தான் காசோலைக்கு அந்தச் சலுகை இல்லை. சில வேண்டுகோள்களுக்கு அரசு குறிப்பிட்ட வரம்பு வரை, நாம் கொடுத்ததற்கு ஈடான இணைத்தொகையும் தரும். உக்ரைனுக்கு 2.5 கோடி பவுண்டு வரை அப்படித் தந்தது. அந்த வரம்பு தீர்வதற்குள் கொடுத்திருந்தால் 4,000 என்பது 9,000 ஆகியிருக்கும். ஆகவே டி.இ.சி.க்குத்தான் என்று முடிவானால் வாளியே எடுக்க வேண்டாம். டி.இ.சி.யின் இணையச் சுட்டியை அனுப்புங்கள், முதல் நாளே அனுப்புங்கள். சங்கத்தின் பெயர் தெரிய வேண்டும் என்று ஆசையிருந்தால் டி.இ.சி.க்காக ஒரு நிதி திரட்டும் பக்கம் திறந்து அதில் எல்லாரையும் போடச் சொல்லலாம்.

சொந்த வழியில் அனுப்புவதாக இருந்தால் சங்கம் பதிவு பெற்ற அறக்கட்டளையாக இருப்பது நல்லது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டும் அறப்பணி அமைப்பு பொதுவாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். வருமான வரித்துறையின் அங்கீகாரமும் இருந்தால் தனியாட்கள் தரும் தொகைக்கு கிஃப்ட் எய்ட் கிடைக்கும். நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வாளியில் விழும் 30 பவுண்டு வரையிலான சில்லறைக் கொடைகளுக்கும் அரசிடம் 25 விழுக்காடு கேட்கலாம். அப்புறம், வாளியில் ஒட்டும் தாளில் "மிச்சமாகும் தொகை இதுபோன்ற பிற பேரிடர்களுக்குச் செலவிடப்படும்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். "கஜா நிதி" என்று மட்டும் எழுதி வாங்கிவிட்டால் அந்தப் பணத்தை அடுத்த புயலுக்கு நினைத்தபடி எடுக்க முடியாது.

இதையெல்லாம் வைத்து என் பரிந்துரை இது. நம் உறவு, நம் ஊர் எதுவும் இல்லாத நாட்டில் பெரிய பேரிடர் வந்து டி.இ.சி. கேட்டால், சங்கம் தனி வசூல் செய்ய வேண்டாம், சுட்டி போதும். போர் நடக்கும் இடமென்றால் செஞ்சிலுவை அல்லது எல்லையற்ற மருத்துவர்கள். சுனாமி போல நம் கரையையே தாக்கி, டி.இ.சி.யும் கேட்டால், முதல் இரண்டு வாரம் டி.இ.சி. சுட்டிதான். சங்க நிதியை அவசரப்பட்டுத் தொடாமல் ஆறு மாதம் வைத்திருந்து, யார் யார் பட்டியலில் விடுபட்டார்கள் என்று பார்த்து அவர்களுக்குக் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் திட்டு விழும், பரவாயில்லை. டி.இ.சி. கேட்காத, தொலைக்காட்சி காட்டாத வெள்ளத்துக்கும் புயலுக்கும் மட்டும் சங்க நிதியை முழு மூச்சாக இறக்க வேண்டும்.

அதற்கு, பேரிடர் வந்த பிறகு ஆள் தேடினால் நடக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் எந்த இரண்டு அமைப்புகளுக்கு அனுப்புவோம், அவர்களின் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா, அவர்கள் பட்டியல் எடுக்கும்போது எந்தெந்தத் தெருவுக்குப் போகிறார்கள், இலங்கையில் எந்தத் தாய்ச் சங்கத்தோடு பேசி வைத்திருக்கிறோம், காசோலையில் கையெழுத்துப் போடும் இருவர் யார் என்பதையெல்லாம் செப்டம்பர் செயற்குழுவிலேயே எழுதி முடித்துவிட வேண்டும்.